ஒரு படி தவிடு

அத்தியாயம் பதினொன்று

கருப்புசாமி கல்லூரிக்குத் திரும்பி ஐந்து வாரம் ஆகிவிட்டது. வீட்டில் இன்னும் யாரும் பாவாத்தாள் பெயரைச் சொல்லவில்லை.

மார்கழியில் நடந்தது இதுதான். அரையாண்டுப் பரீட்சையில் இங்கிலீஷும் தமிழும் எழுதிவிட்டு, எண்ணெய் தேய்த்துக் குளித்து வரலாம் என்று சனிக்கிழமை ஊருக்கு வந்தான். துடியலூருக்குக் கிழக்கே ஒரு மைல். கணக்குப் பரீட்சை திங்களன்று, பௌதிகம் செவ்வாயன்று. வாசலில் வேப்பிலை கட்டியிருந்ததை வீட்டுக்குள் நுழைந்த பிறகுதான் பார்த்தான். தங்கை பாவாத்தாளுக்கு அம்மை போட்டிருந்தது.

ஆத்தா வந்திருக்கும் வீட்டுக்குள் நுழைந்தவர், அம்மை கண்டவரைக் குளிப்பாட்டி மூன்றாம் தண்ணீர் ஊற்றும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. அவன் தாண்டவில்லை. ஆறாம் நாள் பாவாத்தாள் இறந்தாள். பத்து வயது. ஆத்தா எடுத்துக்கொண்ட பிள்ளைக்கு ஒப்பாரி இல்லை, பறை இல்லை. பள்ளத்தோரம் புதைத்துவிட்டு வந்தார்கள். மூன்றாம் தண்ணீரை, அவள் உட்கார வேண்டிய கல்லின் மேல் ஊற்றினார்கள்.

பங்குனியில் மாரியம்மன் நோம்பி. கோயில் முன்னால் நடும் கம்பத்தைப் பிடுங்கிக் கிணற்றில் விடும்வரை ஆத்தா ஊருக்குள்தான் இருக்கிறாள். அதுவரை வீட்டில் நடந்ததைச் சீக்கு என்றோ சாவு என்றோ வாயால் சொல்லக் கூடாது. சொன்னால் மிச்சமிருக்கும் பிள்ளையையும் கேட்பாள். அம்மா வள்ளியாத்தாள் இதில் உறுதியாக இருந்தாள். அவளுக்கு மிச்சமிருந்தது கருப்புசாமி ஒருவன்.

அவன் படிப்பு ஓர் உபகாரச் சம்பளத்தில் நடந்தது. மில் முதலாளி ஒருவர் தம் தாயார் நினைவாக வைத்த கல்வி நிதி. கல்லூரிச் சம்பளமும் விடுதிச் சாப்பாடும் அதிலிருந்துதான். நிபந்தனைகளை முதல் நாளே படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். நூற்றுக்கு எழுபத்தைந்து வகுப்புக்காவது வந்திருக்க வேண்டும். ஒவ்வொரு பரீட்சையிலும் எல்லாப் பாடமும் தேற வேண்டும். எழுதாத பாடம் தேறாத பாடம். வீட்டில் சீக்கோ சாவோ இருந்தது என்று மனுக் கொடுத்தால், நிதியின் ஆள் நேரில் போய்ப் பெற்றவர்களை விசாரிப்பார். அவர்கள் சொல்வதுதான் கமிட்டிக்குப் போகும்.

கருப்புசாமி மனுக் கொடுத்திருந்தான்.

*

வியாழக்கிழமை காலை, நிதியின் ஆள் ராமுலு சைக்கிளில் வந்தார். தலையில் பருத்திமார் விறகுக் கட்டோடு வள்ளியாத்தாள் அப்போதுதான் காட்டிலிருந்து திரும்பியிருந்தாள்.

"ஏம்மா, மாசாணம் ஊடு இதானா?"

"ஆமாங்க சாமி. அவரு கவுண்டர் தோட்டத்துல கவலை ஓட்டப் போயிருக்காருங்க. தண்ணி எறைச்சு முடிச்சு பொழுதோடதான் வருவாருங்க."

"நீ இருந்தாப் போதும்."

அவர் சைக்கிளை வாசலுக்கு வெளியே நிறுத்தினார். சீட்டின் மேல் காகிதத்தை விரித்தார். குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்று அவள் கேட்கவில்லை. அந்தத் தெருவில் அவர் குடிக்க மாட்டார் என்று அவளுக்குத் தெரியும்.

"மொதக் கேள்வி. நீ கருப்புசாமியோட அம்மாதானே? பெத்தவங்க சொன்னாத்தான் செல்லும். இதக் கேக்காம நான் மேல எழுத முடியாது."

"நாந்தானுங்க பெத்தேன்." சட்டென்று சொன்னாள். "ஏனுங்க சாமி, அவன் ஏதாச்சும் தப்புப் பண்ணிப்போட்டானுங்களா?"

"அதெல்லாம் இல்ல. கார்த்திகைக் கடைசியில இருந்து மார்கழி முடிய, இந்த ஊட்டுல யாருக்காச்சும் சீக்கு இருந்துச்சா?"

அவள் கட்டை இறக்கி வைத்தாள்.

"இல்லீங்க."

"யாருக்குமே?"

"இல்லீங்க."

ராமுலு கூரை ஓரத்தைப் பார்த்தார். காய்ந்து கறுத்த வேப்பிலைக் கொத்து ஒன்று தொங்கியது.

"அதென்ன?"

"பூச்சிக்குங்க."

"தை மாசத்துல என்னம்மா பூச்சி?"

"இருக்குமுங்க."

அவர் பென்சிலைக் கீழே வைத்தார். மனுவில் என்ன எழுதியிருக்கிறது என்று வீட்டுக்காரர்களிடம் சொல்லக் கூடாது. எதற்காகக் கேட்கிறோம் என்றும் சொல்லக் கூடாது. சொன்னால் எல்லா வீட்டிலும் ஒரு சாவு முளைக்கும் என்பது கமிட்டியின் எண்ணம்.

"இத பாரு. நானும் இந்தப் பக்கத்துக்காரன்தான். எங்க ஊட்டுக்கும் ஆத்தா வந்துட்டுப் போயிருக்கறா. நீ வாயத் தொறக்க வேண்டாம். தலைய ஆட்டு. சீக்குன்னு நான் எழுதிக்கறேன்."

வள்ளியாத்தாள் இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டாள்.

"அப்பிடியெல்லாம் ஒண்ணுமில்லீங்க சாமி."

"ஒரு பொண்ணு இருக்கோணுமே. எங்க?"

"ஊருக்குப் போயிருக்குதுங்க."

"எந்த ஊருக்கு?"

"சூலூருக்குங்க. எங்கம்மா ஊட்டுக்கு."

அவள் அம்மா இறந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது.

ராமுலு எழுதினார். எழுதி முடிக்க வெகு நேரம் ஆகவில்லை. மைப்பெட்டியைத் திறந்து நீட்டினார்.

"போன வருஷம் ஒரு பையனுக்கு நானா நெனச்சு ரெண்டு வரி எழுதிப்போட்டேன். கமிட்டியில கிழிச்சு என் கையிலயே குடுத்தாங்க. இன்னொருக்கா யோசிச்சுச் சொல்லுங்க, அம்மணி."

அம்மணி என்று அவளை வெளியூர்க்காரர் யாரும் கூப்பிட்டதில்லை. அவள் நிமிர்ந்து பார்த்தாள். இவ்வளவு மரியாதையாகக் கேட்கிறவர் ஆத்தா வந்த வீட்டுப் பையன் என்று தெரிந்தால் விடுதியில் சேர்ப்பாரா என்று யோசித்தாள். கட்டை விரலை மையில் அழுத்தி, அவர் காட்டிய இடத்தில் வைத்தாள்.

அவர் போன பிறகு விரலைச் சுவரில் துடைத்தாள். மை போகவில்லை.

*

பகல் பன்னிரண்டு மணிக்குக் கல்லூரிச் சேவகர் கருப்புசாமியிடம் ஒரு சீட்டைக் கொடுத்தார். விசாரணைக்கு இன்று ஆள் போகிறார் என்று அதில் இருந்தது.

இரண்டு மணிக்குப் பௌதிக வகுப்பு. இப்போதே கிளம்பினால் ஒன்றரை மணி ரயிலைப் பிடிக்கலாம். ராமுலு துடியலூர்ப் பக்கம் வேறு இரண்டு வீடுகளுக்கும் போக வேண்டியிருக்கும். முந்திக்கொண்டு அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம்.

நோட்டின் பின் அட்டையில் கணக்குப் பார்த்தான். மூன்றாம் தண்ணீருக்காக வீட்டில் இருந்த நாட்கள் அவனை விளிம்பில் நிறுத்தியிருந்தன. பௌதிகத்தில் சரியாக எழுபத்தைந்து. இன்னும் ஒரு வகுப்பு போனால் எழுபத்து நான்கு. அதற்கு மனு இல்லை.

அவன் வகுப்புக்குப் போனான். முப்பத்தோராம் எண்ணைக் கூப்பிட்டபோது, "பிரசன்ட் சார்" என்றான். பனிக்கட்டி உருகும்போது உஷ்ணம் ஏறுவதில்லை என்று ஆசிரியர் சொன்னார். அதை எழுதிக்கொண்டான்.

மூன்று மணிக்கு ரயில் இல்லை. மேட்டுப்பாளையம் ரோட்டில் நடந்தான். கவுண்டம்பாளையம் தாண்டியதும் எதிரில் ராமுலுவின் சைக்கிள் வந்தது.

அவர் இறங்கினார்.

"போயிட்டு வந்துட்டீங்களாங்க?"

"காத்தாலயே போயிட்டேன். உங்கம்மா இல்லீன்னு சொல்லிப்போட்டாங்க. சீக்கும் இல்ல, சாவும் இல்ல. கைநாட்டு வெச்சாச்சு."

"மணியகாரர் ரிஜிஸ்தர்ல..."

"பாத்தேன். பதிவு இல்ல."

"அம்மைச் சாவை யாரும் போய்ப் பதியமாட்டாங்க சார்."

"எனக்குத் தெரியும். கமிட்டிக்குத் தெரியாது." ராமுலு மணியை ஒருமுறை தட்டினார், காரணம் இல்லாமல். "நாளைக்குக் காத்தால பத்து மணிக்குக் கூடறாங்க. கைநாட்டு வெச்சவங்களே நேர்ல வந்து மாத்திச் சொன்னா எடுத்துக்குவாங்க. உங்கப்பனை அனுப்பினா ஆகாது. பெரியம்மா, சின்னம்மான்னு வேற யாரையும் கூட்டிட்டு வந்துறாத. மொதக் கேள்வியிலயே திருப்பி அனுப்பிருவாங்க."

"சரிங்க."

"நடந்தா வந்தே?"

"ஆமாங்க."

"மத்தியானமே வந்திருக்கலாமே, கண்ணு."

மத்தியானம் வந்திருந்தாலும் ஆகியிருக்காது என்று அவனுக்கு இப்போது தெரிந்தது. ஆனாலும் அந்த ஒரு வகுப்பு மனதில் உறுத்தியது.

*

வீட்டுக்கு வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. அம்மா அடுப்புக்குப் பருத்திமாரை ஒடித்துக்கொண்டிருந்தாள். அவன் முதலில் பார்த்தது அவள் கட்டை விரலை.

"அம்மா, இல்லீன்னா சொன்னே?"

"வா கண்ணு. என்ன இந்நேரத்துல? பின்ன என்ன சொல்றது?"

"பாவா செத்துப்போனான்னு சொல்றது."

அவள் எழுந்து அவன் வாயைப் பொத்தினாள்.

"கம்பம் இன்னும் எடுக்கலை. சொல்லாத."

அவன் கையை விலக்கினான். "சொல்லலை. எழுதியே குடுத்தேன். இங்கிலீசுல."

"எழுதிப்போட்டியா?"

"உன்ர ஆத்தாளுக்கு இங்கிலீசு தெரியாது. பயப்படாத."

அவள் சிரிக்கவில்லை. புறங்கையை அவன் கழுத்தில் வைத்துப் பார்த்தாள். நெற்றியில் வைத்தாள்.

"சுடுது."

"ஆறு மைல் நடந்து வந்திருக்கறேன். சுடாம என்ன பண்ணும்? எனக்கு வராதும்மா. பள்ளிக்கூடத்துல குத்தியிருக்குது." சட்டைக் கையைத் தூக்கித் தழும்பைக் காட்டினான்.

அவள் அந்தத் தழும்பைப் பார்க்கவில்லை. போன வருஷம் அம்மை குத்துகிறவர் ஊருக்கு வந்தபோது, பாவாத்தாளைச் சோளக்காட்டில் உட்கார வைத்துவிட்டு, பொண்ணு இல்லீங்க என்று சொன்னதும் அவள்தான். அன்றும் ஊருக்குப் போயிருக்குது என்றுதான் சொன்னாள்.

கருப்புசாமி உட்கார்ந்தான். கமிட்டி, பத்து மணி, கைநாட்டு எல்லாவற்றையும் மெதுவாகச் சொன்னான். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அதுக்கா கேட்டாரு? ஆத்தா வந்த ஊடுன்னு தெரிஞ்சா உன்னைய உள்ள சேத்தமாட்டாங்கன்னு நெனச்சேன்."

"சேத்தறதுக்குத்தான் கேட்டாரு."

மாசாணம் தோளில் வடக்கயிற்றோடு வந்தான். மகனைப் பார்த்தான். மனைவியைப் பார்த்தான். நடந்ததைக் கேட்டான்.

"நான் இருந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்," என்றான். கயிற்றை ஆணியில் மாட்டினான். "உட்டுத் தள்ளு. கவுண்டர் ரெண்டாவது சோடி மாட்டுக்கு ஆள் கேட்டுட்டு இருக்கறாரு. திங்கக்கெழமையில இருந்து வரட்டும்."

கருப்புசாமி தன் நோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். பின் அட்டையில் கணக்கு இருந்தது.

வள்ளியாத்தாள் கணவனின் உள்ளங்கைகளைப் பார்த்தாள். பிறகு மகனின் கைகளைப் பார்த்தாள்.

"நான் வந்து சொன்னா உன்ர படிப்பு போவாதா?"

"போவாது."

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வெளியே போனாள்.

*

உம்மல் குல்சும் கட்டுத்தறியில் எருமைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். கணவர் ராவுத்தர் போன பிறகு இரண்டு எருமைகளும் ஒரு மச்சு வீடும் அவளுக்கு இருந்தன. பிள்ளை இல்லை. அவள் வீட்டு நெல்லைக் குத்துவது வள்ளியாத்தாள்தான்.

"என்னடி, குத்துறதுக்கு நாளைக்குத்தானே வரச் சொன்னேன்?"

"ஒரு படி தவிடு வேணுமுங்கம்மா."

"அந்தா மொடாவுல இருக்கு. அள்ளிக்க. இதுக்கு ஏன் பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே?"

"சும்மா வேண்டாமுங்க. விக்க வந்தேன்."

"எதை?"

"பையனைங்க."

குல்சும் வாளியைக் கீழே வைத்தாள். ஒரு கணம் கழித்துச் சிரித்தாள்.

"அடி கிறுக்கி! கைப்புள்ளையைத்தான் தவிட்டுக்கு விப்பாங்க. மீசை மொளைச்ச பயலை எவடி விப்பா? என்ன வெலை போட்டிருக்கே? அவன் தின்கிற சோத்துக்கு என் ரெண்டு எருமையும் காணாது."

வள்ளியாத்தாள் சிரிக்கவில்லை. நாளைக்கு ஓர் இடத்தில் போய் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும் என்றாள். எந்த விஷயம் என்று சொல்லவில்லை. குல்சும் கேட்கவும் இல்லை. பள்ளத்தோரம் மண் வெட்டிய அன்று, மூடித் தள்ளக் கூடை கொடுத்தது அவள்தான்.

"சொன்னா ஆத்தா என்ர புள்ளையைத் தேடி வருவாளுங்கம்மா. அவன் என்ர புள்ளையா இல்லாட்டி வரமாட்டா."

"எங்க ஊட்டுக்கு மட்டும் வராமயா இருந்தா? என் மூஞ்சியப் பாரு." குல்சுமின் கன்னமெல்லாம் குழிகள். நெற்றியிலும் இருந்தன.

"வந்தா. ஆனா உட்டுட்டுப் போனா இல்லீங்கம்மா? அதான் உங்ககிட்ட வந்தேன்."

குல்சும் அவளையே பார்த்தாள். பிறகு உள்ளே போனாள். படியில் தவிட்டைக் கொட்டி, கையால் தலை தட்டிக் கொண்டுவந்தாள்.

"எங்களுக்கு இதெல்லாம் கிடையாதுடி," என்றாள். "பிடி."

வள்ளியாத்தாள் மடியை ஏந்தினாள்.

"இனி அவன் உங்க புள்ளைங்க. மூணு தடவை சொல்லோணுமுங்க, வாங்கிக்கிட்டேன்னு."

குல்சும் மூன்று தடவை சொன்னாள். அவள் வாளியை எடுத்துக்கொண்டு எருமைப் பக்கம் திரும்பிவிட்டாள்.

*

வள்ளியாத்தாள் மடித் தவிட்டோடு திரும்பி வந்தாள். வாசலில் நின்றாள். உள்ளே வரவில்லை.

"நாளைக்குக் காத்தால நான் வாரேன். சொல்றேன்."

கருப்புசாமி எழுந்தான். நோட்டு கீழே விழுந்தது.

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும். பேரு, வயசு, குழி எங்க இருக்குதுன்னு. அவங்க கேக்காததையும் சொல்றேன், குத்தறதுக்கு உடாம ஒளிச்சு வெச்சதை."

மாசாணம் தலையைக் குனிந்துகொண்டான்.

"ஆனா நீ இங்க படுக்கக் கூடாது. ராவுத்தரம்மா ஊட்டுக்குப் போ. உன்னைய அவங்களுக்கு வித்துப்போட்டேன். இந்தா, தவிடு." மடியைக் கொஞ்சம் விரித்துக் காட்டினாள். "கம்பம் எடுக்கற வரைக்கும் என்னைய அம்மான்னு கூப்பிடாத. நானும் உன்னையப் புள்ளைன்னு எங்கயும் சொல்லமாட்டேன். சொன்னா வித்தது செல்லாது. அவளுக்குத் தெரிஞ்சுபோயிரும்."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. பாதியில் நின்றது.

"நாளைக்கு அங்க எதுக்கும் முந்தி ஒண்ணு கேப்பாங்க," என்றான்.

"என்ன கேப்பாங்க?"

"காத்தால அவரு உன்னைய மொதல்ல என்ன கேட்டாரு?"

அவள் யோசித்தாள். சைக்கிள் சீட்டு, காகிதம், பென்சில். நாந்தானுங்க பெத்தேன் என்று தான் சட்டென்று சொன்ன பதில்.

மடியின் இரண்டு முனைகளையும் சேர்த்து இறுக்கிப் பிடித்தாள். விரலிடுக்கில் தவிடு கொஞ்சம் வாசலில் உதிர்ந்தது. குனிந்து, ஒன்றுவிடாமல் அதைப் பொறுக்கினாள்.

அவன் வாயைத் திறந்தான்.

"கூப்பிடாத," என்றாள்.